திருடனைத் தேடும் புத்தகங்கள்

என் பெரியப்பாவுக்கு போன் போட்டால் அவர் முதலில் கேட்பது, "மேட்டூர் எவ்ளோடா?" நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று மூன்று எண்கள் தினமும் பேப்பரில் வரும். அவரும் காலையிலேயே படித்திருப்பார். நான் படித்தேனா என்று பார்க்கத்தான் கேட்கிறார். எண்ணைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசமாட்டார். பிறகு, "அவன் தொறந்தாத்தான்" என்பார். அந்த "அவன்" யார் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

டெல்டாவில் வளர்ந்த யாருக்கும் ஆறு என்றதும் நினைவுக்கு வரும் வினைச்சொல் "ஓடுது" இல்லை, "தொறந்தாச்சா". தண்ணீர் எங்கேயோ இருக்கிறது, ஒருவன் அதைப் பூட்டி வைத்திருக்கிறான், நாம் கேட்டுப் பெற வேண்டும். இதில் உண்மை நிறையவே இருக்கிறது. ஆனால் இந்த ஒரே வினைச்சொல்லோடு வளர்ந்த ஒருவன் ஆறுகளைப் பற்றிய புத்தகங்களை எப்படிப் படிப்பான் என்பதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

மார்க் ரைஸ்னரின் 'கேடிலாக் டெசர்ட்' 1986-இல் வந்த புத்தகம். அமெரிக்க மேற்குப் பகுதி தண்ணீரை எப்படிக் கைப்பற்றியது என்பதன் வரலாறு. நான் அதை முதலில் படித்தது 2017 கோடையில். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, குறுவையும் போய் சம்பாவும் போய், ஊரில் எல்லோரும் வானத்தையும் கர்நாடகத்தையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்த நேரம். அறுநூறு பக்கத்துக்குக் குறையாத புத்தகத்தை நாலே நாளில் முடித்தேன். முடித்த கையோடு நண்பர்களிடம் "துப்பறியும் நாவல் மாதிரி இருக்குடா" என்று சொல்லித் திரிந்தேன். பாராட்டாகத்தான் சொன்னேன். இப்போது மறுபடி படிக்கும்போது அதே வாக்கியம் குற்றச்சாட்டாகத் தோன்றுகிறது.

ரைஸ்னர் நன்றாக எழுதக்கூடியவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யூட்டா மாநிலத்தின் மேல் இரவில் விமானத்தில் பறந்துகொண்டு, கீழே விளக்கே இல்லாத இருட்டைப் பார்ப்பதில் தொடங்குகிறார். இவ்வளவு வறண்ட நிலத்தில் ஒரு நாகரிகம் எதை நம்பி நிற்கிறது என்ற கேள்வியை அந்த இருட்டே கேட்டுவிடுகிறது. அதன் பிறகு மனிதர்கள் வருகிறார்கள், அதுவும் எப்பேர்ப்பட்ட மனிதர்கள்! லாஸ் ஏஞ்சலஸுக்காக ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றை 1913-இல் குழாயிலும் கால்வாயிலும் இழுத்து வந்த வில்லியம் முல்ஹாலண்ட். அதே முல்ஹாலண்ட் கட்டிய செயின்ட் பிரான்சிஸ் அணை 1928-இல் நள்ளிரவில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1959-இலிருந்து பத்தாண்டுகள் மத்திய நீர்ப்பாசனத் துறையான 'பீரோ ஆஃப் ரெக்லமேஷ'னை ஆண்ட ஃபிளாய்ட் டோமினிக்கு ஓர் அத்தியாயம் முழுவதையும் கொடுத்திருக்கிறார். பேச்சு, குடி, பெண்கள், காங்கிரஸ் உறுப்பினர்களை மிரட்டும் விதம் எல்லாம் வருகிறது. வெறுக்க வேண்டிய மனிதர், ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு மணி நேரம் கேட்கலாம் என்று தோன்றும்படி எழுதியிருக்கிறார். இரண்டு அரசுத் துறைகள் போட்டி போட்டுக்கொண்டு அணை கட்டிய கதையைச் சொல்லும் அத்தியாயத்துக்கு 'குற்றத்தில் போட்டியாளர்கள்' என்ற பொருளில் தலைப்பு. அந்தத் தலைப்பிலேயே புத்தகத்தின் வடிவம் தெரிந்துவிடுகிறது. குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளிகள் இருக்கிறார்கள், எழுத்தாளர் துப்பறிகிறார்.

(ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவர்கள் ஜான் மெக்ஃபீயின் 'என்கவுன்ட்டர்ஸ் வித் தி ஆர்ச்ட்ரூயிட்' படிக்கலாம். 1971-இல் வந்தது. அதே டோமினியையும் அவருடைய பரம எதிரியான சூழலியலாளர் டேவிட் பிரோவரையும் ஒரே படகில் ஏற்றி கொலராடோ ஆற்றில் அனுப்புகிறார். தீர்ப்புச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரைஸ்னருக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவருடைய வேகத்துக்கும் அதுதான் காரணம்.)

கொலராடோதான் புத்தகத்தின் மையம். அதன் எண்களை நமக்குப் பழகிய அளவில் சொல்லிப் பார்க்கிறேன். அமெரிக்கர்களுக்குக் கணக்கு 'ஏக்கர் அடி'. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர். பத்து லட்சம் ஏக்கர் அடி என்றால் ஏறத்தாழ 43.5 டிஎம்சி. 1922 நவம்பர் 24 அன்று ஏழு மாநிலங்கள் சான்ட்டா ஃபே நகரில் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் கொலராடோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். 1944-இல் மெக்சிகோவுக்கு 15 லட்சம் என்று தனி உடன்படிக்கை. கூட்டினால் 165 லட்சம், அதாவது 720 டிஎம்சிக்கு அருகில்.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் பங்கிட எடுத்துக்கொண்ட மொத்த நீர் 740 டிஎம்சி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு! கொலராடோவின் படுகை காவிரிப் படுகையைப் போல ஏழெட்டு மடங்கு பெரியது, அங்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் ஆறு. ஆனால் காகிதத்தில் பங்கு போட்ட தண்ணீர் நம்முடையதைவிடக் கொஞ்சம் குறைவு. கிராண்ட் கேன்யனைப் போஸ்டரில் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஒரு சின்ன அதிர்ச்சி.

காகிதத்தில் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் சிக்கல். ஒப்பந்தம் எழுதியவர்கள் கையில் இருந்த அளவீடுகள் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்கானவை. அவை வழக்கத்தைவிட நல்ல மழை, நல்ல பனி பெய்த ஆண்டுகள். 1976-இல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மர வளையங்களைக் கொண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். ஈரமான ஆண்டில் வளையம் தடிக்கும், வறண்ட ஆண்டில் மெலியும். நீண்டகாலச் சராசரி 135 லட்சம் ஏக்கர் அடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவந்தது. ஆற்றில் இல்லாத தண்ணீரைத்தான் மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ரைஸ்னர் இந்த அடிப்படைப் பிசகைப் பிடித்துவிடுகிறார். அதைக் கேலியும் கோபமுமாகச் சொல்கிறார். அதற்காகவே அவரைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடுகிறார்கள். 2022-இல் மீட் நீர்த்தேக்கம் வற்றியபோது எல்லாப் பத்திரிகைகளும் அவர் பெயரை இழுத்தன.

எனக்கு இந்தக் கொண்டாட்டத்தில் முழு உடன்பாடு இல்லை. ரைஸ்னர் சொன்னது நடந்தது. ஆனால் நடந்ததில் பெரிய பங்கு அவர் சொல்லாதது.

அந்தப் புத்தகம் எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1983-இல் கொலராடோவில் பெருவெள்ளம். கிளென் கேன்யன் அணை நிரம்பி வழியும் நிலை. உபரிநீர் மதகுகளின் மேல் ஒட்டுப்பலகைகளை அடித்துச் சில அடி உயரம் கூட்டித்தான் சமாளித்தார்கள். அந்த வெள்ளம் வந்து மூன்றே ஆண்டில் புத்தகம் வெளிவருகிறது. பாவல், மீட் இரண்டும் நிறைந்திருந்த காலம் அது. ரைஸ்னரின் அச்சமெல்லாம் அணைக்குள் சேரும் வண்டல், வயலில் ஏறும் உப்பு, அதிகமாக வாக்குக் கொடுத்துவிட்ட கடன், வீண் செலவு, ஊழல் ஆகியவற்றின் மேல்தான். எல்லாமே மனிதன் ஆற்றுக்குச் செய்வது. ஆற்றுக்குள் வரும் தண்ணீர் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கினாலும் அந்தச் சராசரி அப்படியே இருக்கும் என்பதை அவர் சந்தேகிக்கவில்லை. ஒப்பந்தம் எழுதியவர்கள் தப்பான சராசரியை எடுத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். சரியான சராசரி என்று ஒன்று எங்கோ நிலையாக இருக்கிறது என்று அவரும் நம்பினார்.

2000-இல் ரைஸ்னர் இறந்தார். அந்த ஆண்டு மீட் நீர்த்தேக்கம் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. அதே ஆண்டில்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நீள்வறட்சி தொடங்கியது. 2022 ஜூலையில் மீட் 1,040 அடிக்கு இறங்கியது. 1937-இல் நிரப்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. கொள்ளளவில் கால் பங்குக்குச் சற்று மேல். இந்த நூற்றாண்டில் ஆற்றின் இயற்கை நீர்வரத்துச் சராசரி 120-இலிருந்து 130 லட்சம் ஏக்கர் அடிக்குள் சுருங்கிவிட்டது. மர வளையம் சொன்ன "சரியான" சராசரிக்கும் கீழே.

ஏன் சுருங்கியது? மழை, பனி குறைந்தது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் என்றால் கணக்கு ஒத்துவரவில்லை. பிராட் யுடால், ஜோனதன் ஓவர்பெக் இருவரும் 2017-இல் எழுதிய கட்டுரை 2000 முதல் 2014 வரையான நீர்வரத்து இருபதாம் நூற்றாண்டுச் சராசரியைவிட 19 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வெப்பநிலை உயர்வே காரணம் என்றார்கள். 2020-இல் மில்லி, டன் இருவரும் இன்னொரு எண் கொடுத்தார்கள். ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஆறு 9 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இழக்கிறது. காரணம் பனி. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பியடிக்கும். சூடு ஏறினால் பனி சீக்கிரம் விலகி கறுப்பு மண் வெளியே தெரியும். மண் வெயிலைக் குடிக்கும், ஈரம் ஆவியாகப் போகும். மரமும் புல்லும் முன்கூட்டியே துளிர்த்து நீண்ட நாள் உறிஞ்சும். போன வருஷத்து வறட்சியில் காய்ந்து கிடக்கும் மண், இந்த வருஷத்துப் பனி உருகி வரும்போது முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். மிச்சம்தான் ஆறு.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் அந்தக் குளிர்காலம் பெய்த பனி வழக்கமான அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல். மோசமில்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் உருகும் பருவத்தில் பாவல் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்தது வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வழியில் யாரும் மதகை மூடவில்லை, மோட்டார் போட்டு இறைக்கவில்லை. பூட்டிய அறைக்குள் நடந்த திருட்டு மாதிரி. துப்பறியும் நாவலாக எழுத வேண்டுமென்றால் எழுத வேண்டியது இதைத்தான். ஆனால் இதில் திருடனைக் கூண்டில் ஏற்ற முடியாது. டோமினி மாதிரி குடித்துவிட்டு உளறும் ஆள் கிடையாது. ஓர் அத்தியாயத்துக்குப் பெயர் வைக்க முகம் கிடையாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வரலாற்றில் முதன்முறையாகக் கீழ்ப்படுகைக்கு அதிகாரபூர்வப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அரிசோனாவின் பினல் கவுன்ட்டி விவசாயிகள் முதலில் அடிவாங்கினார்கள்.

மீட் வற்றிக்கொண்டிருந்த 2022 மே மாதம் ஒன்று நடந்தது. சேற்றிலிருந்து ஒரு பீப்பாய் வெளியே வந்தது. உள்ளே எலும்புக்கூடு, துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தவர். எழுபதுகளின் நடுவிலோ எண்பதுகளின் தொடக்கத்திலோ நடந்த கொலை என்று போலீஸ் சொன்னது. லாஸ் வேகாஸ் பக்கத்தில் இருக்கிறது, மாஃபியா கதை தயாராகிவிட்டது. உலகம் முழுக்கச் செய்தி. ஒரு பெரிய நீர்த்தேக்கம் நான்கில் மூன்று பங்கு காணாமல்போனது கொலைக்கான பின்னணிக் காட்சியாகிவிட்டது. நானும் அந்தச் செய்தியைத்தான் முதலில் கிளிக் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புனைவு இதைவிட நன்றாகச் செய்ததா? பாவ்லோ பாசிகலூப்பியின் 'தி வாட்டர் நைஃப்' 2015-இல் வந்த நாவல். எதிர்காலத்தில் காய்ந்துபோன ஃபீனிக்ஸ் நகரம். நெவாடாவின் தண்ணீர் அரசி கேத்தரின் கேஸுக்காக வெட்டவும் சுடவும் தயங்காத ஏஞ்சல், பத்திரிகையாளர் லூசி, டெக்ஸாஸிலிருந்து அகதியாக வந்த சிறுமி மரியா. வேகம் குறையாமல் படிக்கலாம், வன்முறை சில இடங்களில் அளவுக்கு மீறியது. எல்லோரும் தேடி அலைவது ஒரு பழைய காகிதத்தை. எல்லா மாநிலங்களுக்கும் மூத்த நீர் உரிமையைத் தரும் ஆவணம். அது ஒளிந்திருக்கும் இடம் என்ன தெரியுமா? 'கேடிலாக் டெசர்ட்' புத்தகத்தின் ஒரு பிரதிக்குள். (கதையை உடைத்துவிட்டேன், மன்னிக்கவும். இதைச் சொல்லாமல் விமர்சனம் எழுத முடியாது.)

ஆசிரியர் இதை ரைஸ்னருக்குச் செய்த வணக்கமாகவே வைத்திருக்கிறார். எனக்கு அது நாவலின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கும் இடமாகப் படுகிறது. காலநிலை நாவல் என்று பெயர் வாங்கிய ஒரு படைப்பில் சூடு வெறும் செட். புழுதிப்புயல், வேர்வை, வற்றிய நீச்சல்குளம். கதையை நகர்த்துவது பத்திரம். பத்திரம் கையில் கிடைத்தால் ஆறு கிடைத்துவிடும் என்று அத்தனை பாத்திரங்களும் நம்புகிறார்கள், நாவலும் நம்புகிறது. ஆனால் சூடாகும் ஆற்றில் எவ்வளவு மூத்த பத்திரமாக இருந்தாலும் அதில் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஆறு கட்டுப்படாதே! அந்தப் பத்திரத்தைத் திறந்து படித்துவிட்டு, சரி, இவ்வளவு தண்ணீர் எங்கே என்று ஒரு பாத்திரமாவது கேட்டிருந்தால் நாவல் வேறு தளத்துக்குப் போயிருக்கும்.

என் வாசிப்பைத் திருப்பிய புத்தகம் இந்த இரண்டும் இல்லை. எரிக் கூன், ஜான் ஃபிளெக் எழுதிய 'சயின்ஸ் பி டேம்டு', 2019. ஒருவர் ஆற்று நிர்வாகத்தில் வாழ்நாளைச் செலவிட்டவர், மற்றவர் பத்திரிகையாளர். உண்மையைச் சொன்னால் படிக்கச் சலிப்பான புத்தகம். அறிக்கை, பதில் அறிக்கை, குழு, துணைக்குழு. டோமினி மாதிரி ஒருவர்கூடச் சிரிக்க வைக்கவில்லை. ஆனால் ரைஸ்னரும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் சொன்ன அப்பாவித்தனமான கதையை அது உடைக்கிறது. 1922-இல் அவர்களிடம் நல்ல ஆண்டுகளின் தரவு மட்டும்தான் இருந்தது, பாவம், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்பதுதான் வழக்கமான கதை. அது தவறு என்கிறார்கள். மத்திய நிலவியல் துறையின் நீரியலாளர் ஈ.சி. லாரூ 1916-லேயே ஆற்றைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆறு மெலிந்து ஓடியதற்கான தடயங்களும் அப்போதே இருந்தன. 1925-இல் லாரூ இன்னும் தெளிவாக, எல்லோருக்கும் போதிய தண்ணீர் இல்லை என்று எழுதினார். 1928-இல் அரசு அமைத்த பொறியாளர் குழுவும் குறைந்த எண்ணைத்தான் தந்தது. அணை வேண்டும், ஒப்பந்தம் வேண்டும், எல்லோரும் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றால் பெரிய எண்தான் வசதி. பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே திருடன் இல்லை, ஆனால் குற்றம் இருக்கிறது. கையில் இருந்த பிரதியைப் படிக்க மறுத்த குற்றம். இலக்கிய வாசகனாக எனக்கு இது நெருக்கமாகப் புரிகிறது. ஆறு தன்னைப் பற்றி எழுதிவைத்த பிரதிகள் இருந்தன. நீரளவைக் குறிப்பு ஒன்று, மர வளையம் இன்னொன்று. பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு அதுதான் முழு நூல் என்றார்கள்.

இவ்வளவு எழுதிய பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வருகிறது. "எல்லாம் சூடு" என்று சொல்வது யாருக்கு வசதி? ரைஸ்னர் உயிரோடு இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார், சரியாகவும் கேட்டிருப்பார். வானிலையைக் கை காட்டிவிட்டால் அல்பால்ஃபா போட்டு மாட்டுத் தீவனம் விற்பவரும் பாலைவனத்தில் புல்தரை வளர்ப்பவரும் தப்பிவிடுவார்கள். படுகையில் முப்பது பழங்குடி அரசுகள் இருக்கின்றன. 1922 ஒப்பந்தத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அவர்களுக்கான அரசின் கடமைகளை இந்த ஒப்பந்தம் பாதிக்காது என்று சொல்லிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்கள், ஒரு சொட்டு அளவுகூடக் குறிக்காமல். அது சூடு செய்த வேலை இல்லை. 2022-இல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்கத் தென்மேற்கில் 2000 முதல் 2021 வரையான 22 ஆண்டுகள் குறைந்தது 1,200 ஆண்டுகளில் மிக வறண்டவை என்றது. அந்த மண் வறட்சியில் 42 விழுக்காடு மனிதர்கள் உண்டாக்கிய காலநிலை மாற்றத்தால் வந்தது என்றது. அந்த 42-க்குப் பின்னாலும் எரித்தவர்கள், விற்றவர்கள், லாபம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். முகம் இல்லாமல் இல்லை, படுகைக்கு வெளியே இருக்கிறது. அந்தத் தூரத்தை ரைஸ்னரின் வடிவம் தாண்டுவதில்லை. அணைக்கரையில் நிற்கும் ஆளைத்தான் அதனால் பிடிக்க முடிகிறது.

காவிரி கொலராடோ இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நமக்கு உருகப் பனி கிடையாது. குடகில் பெய்தால் ஆறு. சூடான காற்று அதிக ஈரத்தைத் தூக்கும் என்பதால் மழை மொத்தமாகக் குறையும் என்று எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. இடைவெளி நீண்டு, பிறகு நாலு நாளில் கொட்டித் தீர்ப்பது என்று அது வரலாம். 2018 ஆகஸ்டில் குடகில் நிலச்சரிவு, அதே மாதம் 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்து விழுந்தன. 2022-இல் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பாக மே 24-லேயே திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 12-இல் திறந்து அக்டோபரில் மூடிவிட்டார்கள். ஓர் ஆண்டைக் காட்டி இது சூடு, இது சூடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொல்ல வருவது அந்த 740 டிஎம்சியைப் பற்றி. அது "50 விழுக்காடு நம்பகத்தன்மை" கொண்ட எண். அதாவது அதன் இலக்கணப்படியே இரண்டு ஆண்டில் ஓர் ஆண்டு அதைவிடக் குறைவாகத்தான் வரும், அதுவும் கடந்த காலம் போலவே எதிர்காலமும் இருந்தால். 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419-இலிருந்து 404.25 ஆக்கியபோது நாங்கள் வீட்டில் பேசியது முழுக்க அந்தப் பதினாலே முக்காலைப் பற்றி. மொத்தமாக எழுதியிருந்த எண்ணைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

போன முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் கொலராடோ கதையைச் சொன்னேன். பனி பெய்தும் ஆறு வராத 2021-ஐப் பற்றி. கவனமாகக் கேட்டார். "அங்க மேல யாரு இருக்கான்?" என்றார். யாரும் இல்லை பெரியப்பா, மண்ணே குடிச்சிருச்சு என்றேன். "அது எப்புடி, எவனாவது அடைச்சிருப்பான்" என்று எழுந்து போய்விட்டார். அவரைத் திருத்துவதற்கு எனக்குத் தகுதி இல்லை. அவர் வாழ்நாளில் பாதி வருஷம் நிஜமாகவே எவனோ அடைத்துத்தான் வைத்திருந்தான்.

ரைஸ்னரை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் அவரைத்தான் படிக்க வேண்டும், அந்தக் கோபம் இல்லாமல் இந்த விஷயத்துக்குள் யாரும் போக முடியாது. ஆனால் அவரோடு சேர்த்து ஆல்டோ லியோபோல்டின் ஒரு சின்னக் கட்டுரையையும் படியுங்கள். 'எ சாண்ட் கவுன்ட்டி அல்மனாக்' தொகுப்பில், 1949-இல் வந்தது. சான்ட்டா ஃபேயில் ஆற்றைப் பங்கு போட்ட அதே 1922-இல் லியோபோல்டும் அவர் தம்பியும் கொலராடோவின் கடைமடைக்கு, மெக்சிகோவில் ஆறு கடலில் கலக்கும் டெல்டாவுக்கு, சிறு படகில் போனார்கள். பச்சைக் காயல்கள், பறவைகள், பார்க்காமலேயே பயந்த ஜாகுவார். பிறகு அவர் அங்கே திரும்பிப் போகவே இல்லை. எட்டே பக்கத்துக்குள் அடங்கிவிடும் கட்டுரையில் ஒரு குற்றவாளிகூடக் கிடையாது. டெல்டாக்காரனான எனக்கு ரைஸ்னரின் அறுநூறு பக்கத்தைவிட அது அதிகம் வலித்தது.

அந்த டெல்டா பல பத்தாண்டுகளாகக் கடலைத் தொடாமல் காய்ந்து கிடந்தது. 2014 வசந்தத்தில் இரு நாடுகளும் ஒத்துக்கொண்டு மோரெலோஸ் அணையிலிருந்து எட்டு வாரம் தண்ணீர் விட்டார்கள். மொத்தம் நாலரை டிஎம்சிக்குச் சற்று மேல். காவிரித் தீர்ப்பில் தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போகும் என்று ஒதுக்கியிருக்கும் அளவு 4 டிஎம்சி, ஏறக்குறைய அதேதான். பெரும்பகுதியை மணலே குடித்துவிட்டது. சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்ற ஊரில், பெயரிலேயே ஆற்றை வைத்துக்கொண்டு ஆற்றையே பார்க்காத பிள்ளைகள், மணலில் ஊர்ந்து வரும் நீர்முனைக்கு முன்னால் ஓடினார்கள். ஊரே திருவிழா மாதிரி படுகையில் இறங்கி நின்றது. மே மாதம் ஒரு மெல்லிய கோடாக அது கடலைத் தொட்டது. அப்புறம் மதகை மூடினார்கள்.